ஆடியில் ஆறு, ஐப்பசியில் கடல்

பிரான்சில் குடியேறிய நம் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை. 'கிராந்த் வக்கான்ஸ்' என்பார்கள், அதாவது பெரிய லீவு. செப்டம்பர் பிறந்தால் பள்ளி திறந்துவிடும். அதனால் ஊருக்கு வருவதென்றால் ஆகஸ்டில்தான் வர முடியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். அந்தச் சொல்தா குடும்பங்களில் என் உறவுக்காரர்களும் சிலர் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் போனில் அவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. "தாத்தா, ஆகஸ்ட்ல காரைக்கால் பீச்சுக்குப் போகலாமா, புயல் சீசன் இல்லையே?" என்பது ஒன்று. "திருச்சிக்கு வந்தா முக்கொம்புல குளிக்கலாமா?" என்பது மற்றொன்று.

கடற்கரைக்குப் போகலாம், முக்கொம்பில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர்களுக்கு இது தலைகீழாகப் படுகிறது. கடல் பயங்கரம், ஆறு சாது என்று நினைக்கிறார்கள். காரணத்தைப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

முதலில் 'கோடை' என்ற சொல்லே இடிக்கிறது. ஆகஸ்டை அவர்கள் கோடையின் கடைசி என்கிறார்கள். நமக்குக் கோடை கத்திரி வெயிலோடு கழிந்துவிட்டது. ஆகஸ்ட் என்றால் ஆடிக்காற்று, அதன் பின் ஆவணி. புயல் பற்றிய அவர்களுடைய பயமும் வேறு கடலிலிருந்து வந்தது. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் அதன் உச்சம். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆகஸ்டில் போகிற பிரெஞ்சுக்காரர் வானிலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டேதான் போக வேண்டும். வங்கக் கடல் அப்படியல்ல. ஆகஸ்டில் இங்கே உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பாலும் வடக்கே ஒடிசா, வங்காளம் பக்கம் போய்விடும். நம் சோழமண்டலக் கரைக்குப் புயல் மாதங்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டிமார் சொன்ன கணக்குதான்.

இந்தக் கணக்கு தவறியதால் நாடே கைமாறிய கதைகளும் உண்டு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சரித்திர வகுப்பில் துய்ப்ளெக்ஸும் லபூர்தொன்னேயும் எங்களுக்கு அத்துப்படி. 1746 செப்டம்பரில் லபூர்தொன்னே கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். கோட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயருக்கே திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளெக்ஸுக்கும் சண்டை. கடிதம் போவதும் வருவதுமாக அக்டோபர் வந்துவிட்டது. 13ஆம் தேதி இரவு புயல் அடித்தது. சென்னைக்கு எதிரே நின்றிருந்த கப்பல்களில் சில மூழ்கின, சில பாய்மரம் முறிந்து மிதந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மிச்சத்தைத் திரட்டிக்கொண்டு லபூர்தொன்னே போனவர், பிறகு இந்தக் கரைக்குத் திரும்பவே இல்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஐப்பசி ஆபத்து இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும். இந்தக் கரையில் அப்போது துறைமுகம் என்று கட்டிய இடம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். சலங்குகளிலும் கட்டுமரங்களிலும் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சென்னைக் கோட்டையில் அக்டோபர் நடுவில் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். கொடி இறங்கினால் கப்பல்கள் துறையை விட்டு ஓட வேண்டும் என்று அர்த்தம். நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் இன்று ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு அதை ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

டிசம்பர் நடு என்பதும் தப்பு செய்யும். 1760 கடைசியில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். ஜனவரி 1 பிறக்கிற இரவில் அடித்த புயலில் அவர்களுடைய கப்பல்கள் பல அழிந்தன. ஆனாலும் உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரருக்குச் சோறு இல்லை. அந்த ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது டிசம்பர் 30. ஆக வருஷக் கடைசி நாள் வரை நமக்குக் கெடு இருக்கிறது.

'முசோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் 'மான்சூன்' என்ற ஆங்கிலச் சொல்லும் அரபியின் 'மவ்சிம்' என்பதிலிருந்து வந்தவை. அதன் பொருள் பருவம், நாம் குற்றால சீசன் என்கிறோமே அதே சீசன்! மாலுமிகளுக்கு அது மழையின் பெயர் அல்ல, கிளம்புகிற தேதியின் பெயர்.

நம் கரையின் திருவிழாக்களில் வேளாங்கண்ணி இந்தத் தேதிக்குள் அழகாகப் பொருந்துகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். திருச்சியிலிருந்து காவி உடுத்தித் தஞ்சாவூர் ரோட்டில் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். அவர்கள் திரும்பி வந்து ஒரு மாதம் கழிந்த பிறகுதான் வடகிழக்குப் பருவம் தொடங்கும். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரை சேர்ந்த நாள்தான் செப்டம்பர் 8 என்பது அந்தக் கோயிலின் ஐதிகம். நாகூர் கந்தூரி அப்படியில்லை. அது பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். 2024இல் கந்தூரிக் கொடி ஏறியது டிசம்பர் தொடக்கத்தில். அதற்கு இரண்டொரு நாள் முன்புதான், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

நம் காலத்துப் புயல்களின் தேதியைப் பாருங்கள். 1952இல் நாகப்பட்டினத்தை அடித்தது நவம்பர் 30. தனுஷ்கோடி போனது 1964 டிசம்பர் 22 இரவு. நிஷா 2008 நவம்பர் 27. கஜா 2018 நவம்பர் 16. ஒன்றுகூட ஆகஸ்டில் இல்லை. நம் சர்க்கார் குடும்பங்களுக்கோ தீபாவளியும் அரைப்பரீட்சை லீவும் சரியாக இந்த மாதங்களில்தான் வந்து தொலைக்கும்.

1977ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் இளநிலைக் குமாஸ்தா. நவம்பர் 12 காலையில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கரை ஏறிய புயல் வலுக் குறையாமல் உள்நாட்டுக்கு வந்தது. கடலிலிருந்து நூறு மைலுக்குக் கிட்டத்தட்ட உள்ளே இருக்கிறோம், நமக்கு என்ன என்று இருந்த ஊர் மூழ்கியது. அந்த வெள்ளத்தை மேட்டூர் அனுப்பவில்லை. கோரையாறு, அரியாறு, குடமுருட்டி என்று மற்ற நாளில் தாண்டிப் போனாலும் கண்ணில் படாத ஆறுகள் கொண்டுவந்தன. உறையூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். பிறகு வாரக்கணக்கில் எங்களுக்கு நிவாரணப் பட்டியல் எழுதும் வேலை. குடும்பத் தலைவர் பெயர், தெரு, குடிசை முழுச் சேதமா பகுதிச் சேதமா, ஆடு மாடு எத்தனை. 'முழு' என்று எழுதினால் ஒரு தொகை, 'பகுதி' என்று எழுதினால் வேறு தொகை. சுவர் நின்று கூரை போன வீட்டை எதில் சேர்ப்பது என்று மேஜைக்கு மேஜை வாதம் நடக்கும். வெளியே வராந்தாவில் அந்த வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருப்பார். நான் 'முழு' கட்சி. அந்தப் புயலுக்குத் தமிழ்நாட்டில் 500க்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். ஒரே வாரத்தில் ஆந்திராவில் திவிசீமையை அதைவிடப் பெரிய புயல் அடித்ததால் நம் கதை செய்தித்தாளில் பின்பக்கம் போய்விட்டது.

இதுவரை சொன்னது கிழக்கு. கடல் ஐப்பசிக்குப் பிறகு ஆபத்து, அதற்கு முன் பெரும்பாலும் புயல் கிடையாது. (புயல் இல்லை என்றால் அலையில் ஆடலாம் என்று அர்த்தமல்ல, கரையோரம் இழுக்கிற நீரோட்டம் எந்த மாதமும் இருக்கும்.) முக்கொம்போ மேற்கைப் பார்த்து நிற்கிறது.

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிற இடம் அது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே நம் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் தாழ்வான ஆறு. விட்டால் தண்ணீர் முழுக்க அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சாவூர் காய்ந்துவிடும். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியது இதற்காகத்தான். அப்போது அவருக்கு 33 வயது. கல்லணையைப் பார்த்து, மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம் ஆட்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டவர். வேலை மிதமிஞ்சிப் பலித்தது. காவிரிக்குத் தண்ணீர் அதிகமாகவே போக ஆரம்பித்து, அந்தப் பக்கமும் ஓர் அணை போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கொள்ளிடத்தின் உத்தியோகம் ஒன்றுதான். தஞ்சாவூருக்குத் தேவை போக மிஞ்சிய வெள்ளத்தைச் சுமப்பது.

அந்த வெள்ளம் எங்கே பிறக்கிறது? குடகில், வயநாட்டில். தென்மேற்குப் பருவம் அங்கே ஜூன் முதல் கொட்டி, ஜூலை, ஆகஸ்டில் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, மேட்டூருக்கு வந்து, மேட்டூரும் 120 அடி தொட்டால் நமக்கு வரும். அதாவது பிரான்ஸ் பிள்ளைகள் விமானம் ஏறுகிற அதே மாதம். 1924 ஜூலையில் கேரளத்தைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று மலையாளிகள் சொல்லும் வெள்ளம் அழித்தபோது, அதே மழைதான் மலைக்கு இந்தப் பக்கம் காவிரியையும் கொள்ளிடத்தையும் உடைத்தது. மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு பயம் குறைந்தது. பயம் குறைந்ததில்தான் எனக்குப் பயம். அணை நிரம்பாதவரை அது நம்மைக் காக்கும். நிரம்பிவிட்டால் வந்ததை அப்படியே அனுப்புவதைத் தவிர வழியில்லை.

இதைப் பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஆகஸ்டில் முக்கொம்பில் வானம் நீலமாக இருக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும், திருச்சியில் ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று நாலு நாளுக்கு முன் பெய்த மழை காலடியில் வருகிறது. கடற்கரையில் புயல் வந்தால் காற்றும் மேகமும் முன்கூட்டிச் சொல்லும். ஆறு சொல்லாது. மணல்திட்டில் பிள்ளைகள் விளையாடும்போது நடுவில் ஓடும் கால்வாய் ஒரு முழம் ஏறினால் திட்டு தீவாகிவிடும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் படித்துறையை விட்டு இறங்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பிடித்துச் சொன்னது சும்மா அல்ல. அந்தத் தடுப்புக் கம்பிகளும் போலீசும் சமீபத்து ஏற்பாடு.

2018இல் இரண்டு கணக்கும் ஒரே வருஷத்தில் தீர்ந்தன. ஜூலையில் மேட்டூர் ஐந்து வருஷத்துக்குப் பிறகு நிரம்பியது. ஆகஸ்ட் நடுவில் கேரளமும் குடகும் மூழ்க, மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. பக்கத்தில் புதுப்பாலம் வந்து அதில் போக்குவரத்து நின்றிருந்தது நம் நல்ல காலம். பிறகு வெள்ளம் தணியத் தொடங்கியது. அப்பாடா என்று இருந்தபோது ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 182 வயது அணை. அதே வருஷம் நவம்பரில் கஜா வந்து வேதாரண்யம் பக்கம் தென்னையைச் சாய்த்தது. இப்போது முக்கொம்பில் பழைய அணைக்குக் கீழே புதிய கதவணை நிற்கிறது. செலவு 387 கோடி ரூபாய்.

ஆகவே ஆகஸ்டில் வருகிற பிள்ளைகளுக்கு நான் போட்டுத் தருகிற பிரயாணத் திட்டம் இது. காரைக்கால், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாம் தாராளமாக. செப்டம்பர் 8க்குள் போய் வந்துவிடலாம். முக்கொம்புக்கு வருகிற நாளில் காலைப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, 'வெளியேற்றம்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அதோடு மாயனூர் கதவணையில் எவ்வளவு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே சேர்கிற ஆறுகள், மேட்டூர்க் கணக்கில் அவை வராது. முக்கொம்பில் இறங்கியதும் முதலில் கொள்ளிடம் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே மதகு திறந்து தண்ணீர் போகிறதென்றால் மேலே மிச்சம் வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குப் பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, கால் நனைக்காமல் பஸ் ஏறிவிடட்டும்.