செஞ்சிக் கோட்டையும் கைப்பேசிக் கேமராவும்: படம் சான்றாக நிற்பதற்கான தேவைகள்

1. ஆய்வுப் பொருள்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலக மரபுக் குழு, மராத்தியர் காலப் படைத்தள நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது தமிழ்நாட்டின் செஞ்சி. பட்டியலில் இடம்பெற்ற சின்னங்களின் நிலை குறித்து அரசு ஆறாண்டுச் சுழற்சியில் அறிக்கை தர வேண்டும். செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். அவற்றை வளைத்துச் சுமார் 13 கி.மீ. மதில். எங்கே கல் பெயர்ந்தது, எந்த இடுக்கில் ஆலங்கன்று வேர்விட்டது, எந்தச் சுதை உதிர்ந்தது என்பதையெல்லாம் சில அலுவலர்கள் மட்டும் நடந்து பார்த்து எழுதிவிட முடியாது. மலையேற வருகிறவர்களோ ஏறக்குறைய எல்லாருமே கையில் கேமராவோடு வருகிறார்கள்.

அவர்கள் எடுக்கும் படங்களைக் கோட்டையின் பதிவேடாக மாற்றும் ஒரு கைப்பேசிச் செயலி வேண்டும் என்பது என் கருத்து. அதில் கேமரா வசதியை எப்படிச் சேர்ப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எடுத்த இடம், நேரம், திசை மூன்றும் படத்தை விட்டுப் பிரியாமல் இருந்தால்தான் அது பதிவு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை என்பார்கள். தூண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்த மண்டபத்தில், எந்த வரிசையில் நின்றன என்பதைத் தூணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இடம் பிரிந்த படத்துக்கும் அந்தக் கதிதான்.

2. கேமராவைச் சேர்க்கும் வழிகள்

2.1 கைப்பேசியின் சொந்தக் கேமராவை அழைத்தல்

எளிய வழி இது. பொத்தானை அழுத்தியதும் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள கேமரா திறக்கும். எடுத்த படம் செயலிக்குத் திரும்பி வரும். எழுத வேண்டிய நிரலும் குறைவு. சிக்கல்கள் ஆண்ட்ராய்டில் இரண்டு. படத்தை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று முன்கூட்டியே முகவரி தராவிட்டால், திரும்பி வருவது முழுப்படம் அன்று, தபால்தலை அளவிலான முன்னோட்டம் மட்டுமே. சோதனையில் கைப்பேசித் திரையில் அது தெளிவாகவே தெரிவதால் பிழை கண்ணில் படாது. கல்லின் வெடிப்பைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது இதைவிடக் கொடியது. நினைவகம் குறைந்த கைப்பேசிகளில் கேமரா திறந்தவுடன், இடம் போதாமல், பின்னணியில் இருக்கும் நம் செயலியையே ஆண்ட்ராய்டு மூடிவிடும். படமெடுத்துத் திரும்பும்போது செயலி புதிதாகத் தொடங்கும். நிரப்பி வைத்த குறிப்புகள் போயிருக்கும். ராஜகிரி உச்சிவரை மூச்சிரைக்க ஏறி ஒரு விரிசலைப் பதிந்தவர், கீழே இறங்கிய பிறகுதான் அது பதிவாகவில்லை என்று அறிவார். அவர் மறுபடி ஏறமாட்டார். ஆகவே கேமராவைத் திறக்கும் முன்பே குறிப்புகளையும் கோப்பின் முகவரியையும் சேமித்துவிட வேண்டும். விலை குறைந்த கைப்பேசியில்தான் இதைச் சோதிக்க வேண்டும்.

2.2 செயலிக்குள்ளேயே கேமரா

2019-ல் கூகுள் அறிமுகப்படுத்திய கேமராஎக்ஸ் நூலகமும், ஆப்பிளின் ஏவிஃபவுண்டேஷனும் கேமராவைச் செயலியின் திரைக்குள்ளேயே கொண்டுவர உதவுகின்றன. வேலை கூடுதல், அனுமதியும் நாமே கேட்க வேண்டும். ஐபோனில் கேமரா எதற்கு என்ற விளக்க வாசகத்தை எழுதாமல் விட்டால், கேமராவைத் தொட்ட நொடியில் செயலி நின்றுவிடும். ஆனாலும் கோட்டைப் பதிவுக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். ஒளியும் கோணமும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஃபிளாஷ் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் மசூதியின் பாரசீகக் கல்வெட்டை நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்தால், எழுத்தின் நிழல் முழுதும் அழிந்து கல் வெறும் வெள்ளையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலில் எடுத்தால் எழுத்தின் விளிம்பு ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழும். மைப்படி எடுத்துப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே செயலியில் ஃபிளாஷ் அணைந்தே இருக்க வேண்டும். முந்தைய ஆண்டின் படத்தைத் திரையில் மங்கலாகக் காட்டி, அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுக்கச் செய்ய முடியும். ஒரே சுவரை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியவில்லை.

2.3 கேலரியிலிருந்து படம் ஏற்பதா?

இதற்கு நாட்டின் அனுபவமே விடை தருகிறது. நூறு நாள் வேலையில் வருகையைப் பதிய 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமானது. நாளுக்கு இருமுறை, இடக்குறியோடு தொழிலாளரைப் படமெடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் முறைகேடுகளை வரிசைப்படுத்தியது: தொடர்பில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றுதல், காலையில் ஒருவர் மாலையில் வேறொருவர். நேரடிக் கேமராவைக் கட்டாயமாக்கினாலும், இன்னொரு திரையில் இருக்கும் பழைய படத்தை அதே கேமரா எடுத்துவிடுகிறது. அதைத் தடுப்பதற்காக ஏரி வேலைக்குப் போகும் பெண்களின் கூலியை ஒரு படத்தில் தொங்கவிடுவது எனக்கு ஒப்புதலில்லை. வலையிணைப்புக் கோளாறால் படம் ஏறாவிட்டால் நட்டம் உழைத்தவருக்கே.

கோட்டையில் படத்தோடு பணம் கட்டப்படவில்லை, ஏமாற்றத் தூண்டும் காரணம் குறைவு. ஆகவே கேலரிப் படங்களையும் ஏற்கலாம். ஆனால் 'நேரடி', 'பழையது' என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆல்பத்தில் கோட்டையின் கல்யாண மகாலை 1980-களில் எடுத்த படம் இருக்குமானால் அதைத் தள்ளிவிடுவது பெரும் இழப்பு.

3. இடமும் நேரமும்

படக்கோப்புக்குள் எடுத்த நேரம், திசை, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை எழுதிவைக்கும் எக்ஸிஃப் முறை 1990-களிலேயே வந்துவிட்டது. அந்தத் தகவல் வழியில் உதிர்ந்துவிடுவதுதான் தொல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறி நீங்கிவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி பெறாத செயலிக்கு கேலரிப் படத்தின் இடத்தை இயங்குதளமே மறைத்துக் கொடுக்கிறது. படத்தைச் சுருக்கும் நிரல்கள் பலவும் எக்ஸிஃபை விட்டுவிட்டுப் புதுக்கோப்பு எழுதுகின்றன. ஆகவே இவற்றைப் படத்துக்கு வெளியே, பக்கத்தில் ஓர் எழுத்துக் கோப்பிலும் வைக்க வேண்டும்.

ஜி.பி.எஸ். வெட்டவெளியில் சுமார் 5 மீட்டர் பிழையோடு இடம் சொல்லும். செஞ்சியின் பாறைகளுக்கிடையே அலைகள் மோதித் திரும்புவதால் பிழை கூடும். நெற்களஞ்சியத்தின் உள்ளே வானமே தெரியாது. ராஜகிரியின் படிவழி வளைந்து வளைந்து ஏறுவதால், வரைபடத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும் இரண்டு இடங்கள் உயரத்தில் வெகுவாக வேறுபடலாம். பிழையின் அளவையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். கூடவே, கோட்டையின் வரைபடத்தில் எடுப்பவரே விரல் வைத்து இடத்தைக் காட்டும் வசதியும் வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் தெலோஷ் செஞ்சியைப் பற்றி 2005-ல் வெளியிட்ட நூல் மதில்களின் கட்டுமானத்தைக் கொண்டே காலங்களைப் பிரித்துக் காட்டுகிறது. அத்தகைய ஆய்வுக்குப் பத்தடி தள்ளிய இடக்குறி கூடத் தவறான முடிவைத் தந்துவிடும்.

படம் வழக்கிலும் சான்றாகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) கேட்கிறது. படம் எடுத்த உடனே அந்த மதிப்பைக் கணக்கிட்டுப் பதிந்தால், சின்னத்தைச் சேதப்படுத்திய வழக்கில் படம் பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும்.

4. வீடியோ

வீடியோ தேவைப்படும் இடங்கள் குறைவு: மழையில் சுனையும் குளமும் நிறையும் ஓட்டம், ராஜகிரி உச்சிக்கு முன் பிளவின் மேல் பாலம் கடக்கும் வழி, படிக்கட்டுகளின் தொடர்ச்சி. முழு எச்.டி.யில் ஒரு நிமிடமே 60 எம்.பி.யோ அதற்கு மேலோ வரும். அரை நிமிட எல்லை போதும். வைஃபை கிடைக்கும்வரை கோப்பு கைப்பேசியிலேயே காத்திருக்கட்டும். ஒலி வேண்டாம் என்றால் மைக் அனுமதியையே கேட்கக் கூடாது.

5. மனிதர்களும் காப்பகமும்

கோட்டைக்குள் உள்ள வேங்கடரமணர் கோயிலில் படமெடுக்கும்போது அங்கு வந்தவர்களின் முகமும் விழும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், குழந்தைகளின் முகத்தை மங்கலாக்கிய பிறகே வெளியிடுவது முறை.

படங்கள் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் மட்டும் கிடந்தால் அந்த நிறுவனத்தோடு போய்விடும். 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில், சிற்பப் படங்களைக் காத்து வருகிறது. இத்தகைய காப்பகம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பிரதி போகும்படி தொடக்கத்திலேயே ஏற்பாடு வேண்டும். முதல் சோதனைக்குக் கீழ்க்கோட்டை மட்டும் போதும்: வேலூர் வாசல், புதுச்சேரி வாசல், கல்யாண மகால், நெற்களஞ்சியம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, அதே கோணங்களில்.