மஞ்சள் யாருடையது? சருமப் பராமரிப்பை ஒப்பிடுவது குறித்துச் சில குறிப்புகள்

பெங்களூரு ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் நான் வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடையில், கஸ்தூரி மஞ்சள் தூள், முல்தானி மட்டி, சீயக்காய்த் தூள், மைசூர் சாண்டல் சோப்பு, கொரிய ஃபேஸ் மாஸ்க் ஆகியவை ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் கணினித் துறை இளைஞர்களும் அதே தட்டிலிருந்துதான் எடுக்கின்றனர். எந்த நாட்டு முறை சிறந்தது என்ற விவாதம் இன்று ஓயாமல் நடக்கிறது. வரலாற்று மாணவர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அப்பொருளைத் தன் தோலில் பூசும் உரிமை யாருக்கு இருந்தது?

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒற்றுமை கண்டவுடன் 'அவர்கள் நம்மிடமிருந்து கற்றனர்' என்று எழுதிவிடுகிறோம். நாம் நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ அரப்போ இட்டுக் குளிக்கிறோம். பண்டைய ரோமானியர் ஆலிவ் எண்ணெய் பூசி, வளைந்த உலோகக் கருவியால் அழுக்கோடு சேர்த்து வழித்தெடுத்தனர். சோப்பு அவர்களது குளியலின் மையப்பொருளாக இருக்கவில்லை. கொழுப்பும் சாம்பலும் கலந்து செய்யப்படும் அதனை, தலைமுடியைச் செந்நிறமாக்கும் கால் நாட்டவரின் பொருளாகவே முதலாம் நூற்றாண்டில் பிளினி குறிப்பிடுகிறார். எண்ணெய்ப் பசையை எண்ணெய் கரைக்கும். இங்கே எள் விளைந்தது, அங்கே ஆலிவ் விளைந்தது. இந்த ஒற்றுமையை விளக்க, ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றார் என்று கொள்ளத் தேவையில்லை.

வேற்றுமைகளே அதிகம் கற்பிக்கின்றன. பர்மாவில் தனகா மரப்பட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்துக் கன்னத்தில் பூசுகின்றனர். நம் வீட்டுச் சந்தனக்கல்லில் நிகழ்வதும் இதே செயல்தான். நாம் பழத்துக்காக அறிந்திருக்கும் விளாமரத்தின் பட்டையும் அங்கே இவ்வாறு பயன்படுகிறது. எனினும் தனகாவைப் பெண்கள் மட்டுமன்றிச் சிறுவர் சிறுமியரும் ஆண்களும் பூசிக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவர். பூசியவர் மணமானவரா, கணவரை இழந்தவரா என்பதை அந்தப் பூச்சு அறிவிப்பதில்லை.

மஞ்சள் அறிவிக்கும். பூப்புச் சடங்கிலும் நலங்கிலும் பெண்ணுக்குப் பூசப்பட்ட அதே மஞ்சள், கணவன் இறந்த பின் தமிழ், கன்னடச் சமூகங்கள் பலவற்றில் அவளுக்கு விலக்கப்பட்டது. அவளது தோலுக்கு அதன் பயன் குறைந்துவிடவில்லை. அவளது நிலை மாறிவிட்டதென்று குடும்பமும் சாதியும் தீர்மானித்தன.

1995இல் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூற்சான்றுகளைக் காட்டி எதிர்க்க, 1997இல் அது நீக்கப்பட்டது. நியாயமான வெற்றி அது. 'எங்கள் பாட்டிமாரின் அறிவு' என்று அன்று முதல் பெருமிதத்தோடு சொல்லிவருகிறோம். அந்தப் பாட்டிமாரில் எத்தனை பேர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் மஞ்சளைத் தொட அனுமதிக்கப்படவில்லை என்பதை அந்தப் பெருமிதத்தில் நாம் கணக்கிடுவதில்லை.

மஞ்சளைக் குடும்பம் காவல் காத்ததென்றால், சந்தனத்தை அரசு காத்தது. மைசூரில் சந்தன மரம் அரசுடைமையாக இருந்தது. முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டையில் பெரும்பங்கு ஜெர்மனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், திவான் விசுவேசுவரய்யா காலத்தில், 1916இல் மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கப்பட்டது. சோப்புத் தொழில்நுட்பம் பயில எஸ். ஜி. சாஸ்திரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலை உருவாயிற்று. இந்நிலத்தின் நறுமணமும் ஐரோப்பியச் சோப்பு முறையும் அவ்வாறு ஒரே கட்டியில் சேர்ந்தன.

இதில் இரு பக்கங்கள் உள்ளன. சோப்பு வாங்குபவரின் கழுத்தில் தாலி உண்டா என்று கடைக்காரர் பார்ப்பதில்லை. சடங்கு விதித்த தடை அந்த அளவில் தளர்ந்தது. ஆனால், கர்நாடகத்தில் 2001இல் சட்டம் திருத்தப்படும் வரை, உழவரின் சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அவருக்குச் சொந்தமன்று. அதன் மணத்தை அவர் கடையில் காசு கொடுத்தே பெற வேண்டியிருந்தது. சடங்கு நின்ற இடத்தில் விலை வந்து நின்றது. பின்னர் 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி போன்ற களிம்புகள் யாரையும் விலக்கவில்லை. எல்லோரையும் அழைத்து, அவரவர் நிறமே குறையென்று கூறின. அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீங்க 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் மாணவர்கள் மூலப்பொருள் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். யார் இழைத்தார், யார் பூசினார், யாருக்கு மறுக்கப்பட்டது, மரம் யாருடையது என்ற நான்கையும் ஒவ்வொரு பண்பாட்டிடமும் கேளுங்கள். வீட்டில் முதிய பெண்கள் இருப்பின் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். எப்படிப் பூசினீர்கள் என்பதோடு, எந்த ஆண்டோடு நிறுத்தினீர்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.