சக்கரமும் சங்கிலியும்: பனிநாட்டு வீதி வரலாறு பற்றி ஒரு நோக்கு

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுவதே வரலாறு என்ற கருத்து இன்று பெரிதும் மாறிவிட்டது. மக்கள் அன்றாடம் கையாண்ட கருவிகளும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியனவே. பனிபொழியும் நாடுகளில் மோட்டார் வாகனத்தின் ரயரைச் சுற்றிப் பூட்டப்படும் உருக்குச் சங்கிலி அத்தகையதொரு கருவியாகும். வெண்பனியை நேரிற் கண்டறியாத எம்மிற் பலருக்கு இஃது அற்பமான பொருளாகத் தோன்றலாம். ஆயினும், தனிமனிதனின் பாதுகாப்பும் பொதுச்சொத்தாகிய வீதியும் ஒன்றோடொன்று முரண்படுமிடத்து ஒரு சமுதாயம் எவ்வாறு தீர்வு காண்கிறது என்பதை இச்சங்கிலியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மோட்டார் வாகனம் பரவுவதற்கு முன்னர் பனி போக்குவரத்தின் பகையாக இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மொண்ட், நியூ ஹம்ஷயர் முதலிய மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டிற் பனியை வீதியிலிருந்து அகற்றுவதற்குப் பதிலாக, குதிரைகள் இழுத்த பெரிய மர உருளைகளால் அதனை அழுத்திச் சமப்படுத்தினர். இறுகிய பனியின்மேற் சறுக்குவண்டிகள் பாரச் சுமைகளுடன் எளிதாகச் சென்றன. கூரையிட்ட மரப்பாலங்களினுள்ளே பனி விழாதாகையால், வெளியிலிருந்து பனியை அள்ளிவந்து பாலத்தினுள்ளே பரப்பும் வழக்கமும் இருந்தது! குதிரை வழுக்காதிருக்க அதன் லாடத்திற் கூரிய முனைகள் பொருத்தப்பட்டன. வழுக்குதல் வண்டிக்கு வேண்டியதாகவும் குதிரைக்கு வேண்டாததாகவும் இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

மோட்டார் வாகனம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. இங்கே இழுக்கும் விலங்கு வேறு, உருளும் வண்டி வேறு என்ற பிரிவு இல்லை. சக்கரமே வண்டியைத் தாங்கவும் வேண்டும், முன்னே தள்ளவும் வேண்டும். 1888இல் டன்லொப் ஆக்கிய காற்றடைத்த இறப்பர் ரயர் பயணத்தை மென்மையாக்கியது. ஆனால் வழவழப்பான இறப்பர் பனியிலும் சேற்றிலும் பிடிப்பின்றிச் சுழன்றது. ஆரம்பகாலச் சாரதிகள் ரயரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி இடரிலிருந்து மீண்டனர். இத்தகைய காட்சியே நியூயோர்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹரி வீட் என்பாருக்குச் சங்கிலி பற்றிய எண்ணத்தைத் தந்தது எனக் கூறப்படுகின்றது. அவரது அமைப்புக்கு 1904 ஆகஸ்ட் 23இல் அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

சங்கிலியின் அமைப்பு எளிமையானது. ரயரின் இரு பக்கங்களிலும் வட்டமாகச் செல்லும் இரு சங்கிலிகளை, வீதியைத் தொடும் பரப்பின் குறுக்கே செல்லும் சிறு சங்கிலிகள் இணைக்கின்றன. வாகனத்தின் பாரம் இக்குறுக்குச் சங்கிலிகளைப் பனிக்குள் அழுத்துவதாற் பிடிப்பு உண்டாகின்றது. ஏணிப்படி போன்ற இம்முறையோடு, சாய்சதுர வலைபோன்ற அமைப்பும் பின்னர் வழக்கிற்கு வந்தது. இவ்வலையமைப்பில் யாதேனும் ஒரு கண்ணி எப்போதும் வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதிர்வு குறைவு. பக்கவாட்டில் வழுக்குதலும் குறைவு.

தெரிவிலும் பயன்பாட்டிலும் சில விதிகள் அனுபவத்தால் நிலைபெற்றன. சங்கிலி ரயரின் அளவுக்குச் சரியாகப் பொருந்துதல் வேண்டும். சக்கரத்துக்கும் வாகனத்தின் உடலுக்குமிடையே அதற்குப் போதிய இடைவெளி இருத்தல் வேண்டும். இயந்திரம் இயக்கும் சக்கரங்களிலேயே அதனைப் பூட்டவேண்டும். முற்காலத்தில் அவை பெரும்பாலும் பின்சக்கரங்களாக இருந்தன. முன்சக்கரங்களால் இயங்கும் கார்கள் பெருகியபின் சங்கிலியும் முன்னே இடம்பெயர்ந்தது. ஏற்றத்தின் நடுவிற் சிக்கிக்கொண்டபின் அன்றி, அதற்கு முன்பே சமதரையில் நிறுத்திப் பூட்டுவதும், சிறிது தூரம் ஓடியபின் இறங்கி மீண்டும் இறுக்குவதும் முறையாகும். வேகத்தைக் குறைத்தலும் இன்றியமையாதது. ஜேர்மனியிற் சங்கிலி பூட்டிய வாகனம் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது.

இனி, முரண்பாட்டுக்கு வருவோம். பனியைப் பற்றும் உருக்கு, பனியற்ற வீதியை அரிக்கின்றது. ஆகவே அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டங்கள், பனி முதலியவற்றாற் பாதுகாப்புக்குத் தேவைப்படும்போது மாத்திரம், அளவான சங்கிலிகளை அனுமதித்தன. உலோக ஆணிகள் பதித்த ரயர்கள் 1960களிற் பல நாடுகளிற் பரவியபோது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. பூட்டும் தொல்லை இல்லாமையால் சாரதிகள் அவற்றை விரும்பினர். ஆனால் குளிர்காலம் முழுவதும், வெறும் வீதியிலும், அவ்வாணிகள் ஓயாது உராய்ந்தன. கனடாவின் ஒன்ராறியோ 1971இலும், மேற்கு ஜேர்மனி 1975இலும் அவற்றைத் தடைசெய்தன. யப்பானின் செந்தாய் முதலிய நகரங்களில் வீதி அரிபட்டு எழுந்த தூசு மக்களின் சுவாசத்தையே பாதிக்கும் பிரச்சினையாயிற்று; 1990இல் அந்நாடு அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. மாறாக, நோர்வே போன்ற நாடுகள் ஆணி ரயர்களை முற்றாக விலக்கவில்லை. ஆயினும் ஒஸ்லோ நகரில் அவற்றுக்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது.

ஆணி ரயர் தடைசெய்யப்பட்ட நாடுகளிலும் சங்கிலி தடைசெய்யப்படாமைக்குக் காரணம் யாது? அது கழற்றப்படக்கூடியது என்பதே. குளிரில் நனைந்து, விரல் விறைக்கப் பூட்டவும் கழற்றவும் வேண்டிய அதன் குறையே, பொதுநல நோக்கில் அதன் நிறைவாயிற்று. பனியுள்ள இடத்தில் பூண்டு, இல்லாத இடத்திற் களையப்படுவதால், அது தன் பணி முடிந்ததும் வீதியை விட்டுவிடுகின்றது.

பொதுநலம் சங்கிலியைக் கட்டுப்படுத்துவது மாத்திரமன்று; சில இடங்களில் அதனைக் கட்டாயமாக்கவும் செய்கின்றது. 1846ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் குடியேறச் சென்ற டொனர் குழுவினர் பனியிற் சிக்கி, பலர் மாண்ட கலிபோர்ணியாவின் மலைப்பகுதியை இன்று பெருநெடுஞ்சாலையொன்று கடக்கின்றது. அங்கே பனியின் கடுமைக்கேற்ப மூன்று படிநிலைகளிற் சங்கிலிக் கட்டுப்பாடு விதிக்கப்படும். மூன்றாம் நிலையில் எந்த வாகனத்துக்கும் விலக்கில்லை. அரசின் அனுமதிபெற்றோர் வீதியோரத்தில் நின்று கூலிக்குச் சங்கிலி பூட்டிக் கொடுப்பதும் உண்டு. 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிச் சமிக்ஞை உடன்படிக்கையிலும் சங்கிலி கட்டாயம் என அறிவிக்கும் குறியீடு இடம்பெற்றது. கணவாயில் வழுக்கிக் குறுக்கே நிற்கும் ஒரு லொறி, பின்னால் வரும் அனைவரையும் பனியில் நிறுத்திவிடும். ஆகவே ஒருவனின் பிடிப்பு அவனுடைய சொந்த விடயமாக மாத்திரம் இருக்கமுடியாது.

சங்கிலியை எப்போது பூட்டுவது என்பது தொடக்கத்திற் சாரதியின் விருப்பமாக இருந்தது. எப்போது பூட்டவேண்டும், எப்போது கழற்றவேண்டும் என்பவற்றை வரையறுக்கும் பொறுப்பைக் காலப்போக்கிற் சமுதாயம் ஏற்றுக்கொண்டது. இதனைச் சுதந்திரத்தின் இழப்பு என்று கொள்வது பொருந்தாது. வீதி எல்லோருக்கும் உரியது என்ற உணர்வு சட்டமாக வடிவெடுத்தமைக்கு இவ்வுருக்குச் சங்கிலி ஒரு சிறிய, ஆனால் உறுதியான சான்றாகும்.