வெளிநாட்டு எம்பிபிஎஸ்: கதவு உள்ளே போற பக்கம் இல்லை, வெளியே வர்ற பக்கம்

நீண்ட பதிவு. டீ எடுத்துட்டு உட்காருங்க.

நீட் ரிசல்ட் வந்த ரெண்டு வாரத்துல எங்க பக்கம் ஓபியில ஒரு புது வகை கூட்டம் வரும். காய்ச்சல் இருக்காது, சளி இருக்காது. சீட்டு எழுதி முடிச்சதும் மெதுவா ஒரு கேள்வி வரும்: "சார், ஜார்ஜியா நல்ல நாடுங்களா?" காடாம்புலியூர், பண்ருட்டி, நெய்வேலி சுத்துப்பட்டுல முந்திரிக்காடும் பலாத்தோப்பும் வச்சிருக்கிற குடும்பங்கள். கையில ஏஜென்ட் கொடுத்த வழவழ நோட்டீஸ். அதுல "அட்மிஷன் தகுதி: பிளஸ் டூவில் பயாலஜி, நீட் பாஸ்" அப்படின்னு ரெண்டு வரி. அவ்வளவுதான்.

அந்த ரெண்டு வரி பொய் இல்லை, ஆனா அது உள்ளே போற கதவோட தகுதி மட்டும்தான். வெளியே வர்ற கதவு, அதாவது திரும்பி வந்து இங்க டாக்டரா பதிவு பண்ற கதவு, எங்க இருக்குன்னு அந்த நோட்டீஸ்ல இருக்காது. அந்த ரெண்டாவது கதவை யார் வச்சாங்க, ஏன் வச்சாங்க? அந்தக் கதைக்கு நூத்தைம்பது வருஷத்துக்கும் மேல வயசு. நம்ம மெட்ராஸ்ல இருந்தே தொடங்கலாம்.

1857-ல சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்குது. அதோட முதல் பி.ஏ. பட்டதாரிகள் ரெண்டு பேர். சி.வை.தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க, வட்டுக்கோட்டை செமினரியில படிச்சவங்க. கடல் தாண்டி வந்தவங்கன்னு யாரும் ஒதுக்கலை. பரீட்சை எழுதினாங்க, பாஸ் பண்ணாங்க, பட்டம் வாங்கினாங்க. (பழைய தமிழ் நூல்களைப் பதிப்பிச்ச அதே தாமோதரம்பிள்ளைதான். நம்ம ஆளுங்க பல பேருக்கு அவர் யாழ்ப்பாணம்னே தெரியாது.) பின்னாடி சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல வந்தப்பவும், அங்க முதல் தமிழ்ப் பேராசிரியரா உட்கார்ந்தவர் மட்டக்களப்புப் பக்கத்துல இருந்து வந்த விபுலாநந்த அடிகள்.

மருத்துவம் மட்டும் அப்படி இல்லை. பி.ஏ. பட்டத்தை எந்த ஊர்க்காரனும் படிச்சு ரசிக்கலாம். மருத்துவப் பட்டம் அடுத்தவன் வயித்தைக் கிழிக்கிறதுக்கு அனுமதி. அதனால "எங்க படிச்சே" அப்படிங்கிற கேள்வி இங்க கடைசி வரை விடாது.

மேரி ஷார்லீப் கதையை எடுத்துக்கோங்க. இங்கிலாந்துப் பெண், மெட்ராஸ்ல ஒரு வக்கீலோட மனைவி. ஆண் டாக்டர்கிட்ட போக மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே பிரசவத்துல செத்துப்போற பெண்களைப் பார்த்து, டாக்டர் ஆகணும்னு முடிவு பண்றாங்க. லண்டன் பல்கலைக்கழகம் அப்போ பெண்களுக்குப் பட்டமே கொடுக்கலை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-ல நாலு பெண்களைச் சேர்த்துக்குது, அதுல அவங்க ஒருத்தர். யோசிச்சுப் பாருங்க, இங்கிலாந்துக்காரி ஒருத்தருக்கு லண்டன் கதவு மூடி இருக்கு, பார்க் டவுன் கதவு திறந்திருக்கு! 1878-ல இங்க லைசென்ஷியேட் வாங்குறாங்க. அதே வருஷம் லண்டன் பல்கலைக்கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறக்குது. அங்க போய் மறுபடி படிச்சு 1882-ல பட்டம் வாங்குறாங்க, பிரசவ மருத்துவத்துல தங்கப் பதக்கத்தோட. திரும்பி வந்து 1885-ல பெண்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி தொடங்குறாங்க. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரின்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்களே, அதுதான். இன்னைக்கு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

ஏன் இதை இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, அடுத்து வர்ற சண்டைக்கும் பிரசவம்தான் காரணம்.

பிரிட்டன்ல 1858-லயே ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்னு ஒண்ணு வந்தாச்சு. யார் டாக்டர்ங்கிற பதிவேடு அவங்க கையில. 19-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்தியப் பட்டங்களையும் அந்தப் பதிவேட்டுல ஏத்துக்க ஆரம்பிச்சாங்க. 1920-கள்ல அவங்களுக்குச் சந்தேகம் வந்தது: இந்திய மாணவர்கள் போதுமான பிரசவம் பார்த்து பழகுறாங்களா? ஆள் அனுப்பி கல்லூரி கல்லூரியா ஆய்வு பண்ணாங்க. சந்தேகத்துல உண்மையும் இருந்தது. அந்தக் காலத்துல பிரசவம் வீட்டுல. ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் ஆண் மாணவன் பக்கத்துல நிக்க விட மாட்டாங்க. கேஸே இல்லாம மாணவன் எதைப் பார்த்துப் பழகுவான்? இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டுல ஒரு ராத்திரி டியூட்டி பார்த்த எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் இதைக் கேட்டா சிரிப்பு வரும். ஆனா அன்னைக்கு நிலைமை அதுதான்.

ஆய்வு தொடர்ந்து நடக்கணும்னு லண்டன் சொன்னது. எங்க கல்லூரியை நீ யார் வந்து பார்க்கன்னு இங்க எதிர்ப்பு. 1930-ல ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் இந்தியப் பட்டங்களோட அங்கீகாரத்தை நிறுத்திடுச்சு. நல்லா படிச்ச எம்பிபிஎஸ் டாக்டர் ஒரே நாள்ல கப்பலேறினா செல்லாக்காசு. அந்த அவமானத்துலதான் 1933-ல இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. நம்ம தரத்தை நாமளே பார்த்துக்குவோம்னு. சில வருஷத்துல லண்டன் அங்கீகாரமும் திரும்பி வந்தது.

ஒரு சின்ன குறிப்பு. அந்த 1933 சட்டம் எல்எம்பி டாக்டர்களை வெளியவே நிறுத்திடுச்சு. ஊர்ல வயசானவங்க "எல்எம்பி டாக்டர்"னு மரியாதையா சொல்வாங்களே, கிராமத்துக்கு வைத்தியம் பார்த்தவங்க பெரும்பாலும் அவங்கதான். லண்டன்காரன் நம்மளை ஒதுக்கிட்டான்னு கோபப்பட்டு எழுதின சட்டம், உள்ளூர்க்காரங்களையே ஒரு படி கீழ வச்சது. கவுன்சில்களோட குணம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான் போல.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம டாக்டர்கள் ஆயிரக்கணக்குல பிரிட்டன் போனாங்க. அவங்க நாட்டு ஆஸ்பத்திரிகளை ராத்திரி பகலா ஓட்டினதுல நம்ம ஆளுங்க பங்கு பெருசு. 1975-ல மறுபடியும் அதே கதை. இந்தியப் பட்டம் இனி நேரடியா செல்லாது, ஒரு பரீட்சை எழுதுன்னு சொன்னாங்க. அந்தப் பரீட்சையோட வாரிசுதான் இன்னைக்கு எல்லாரும் சொல்ற பிளாப். அமெரிக்காவுல இன்னும் முன்னாடி, 1950-கள் முடியறதுக்குள்ளயே வெளிநாட்டு டாக்டர்களுக்குத் தனிப் பரீட்சை வந்தாச்சு.

இப்போ கதை திரும்புது. இதுவரை பரீட்சை எழுதினவங்க நாம. இனி பரீட்சை வைக்கிறவங்களும் நாமதான்.

மாஸ்கோவுல 1960-ல ஆரம்பிச்ச மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், லுமும்பா பேர் வச்சது, ஏழை நாட்டுப் பிள்ளைகளை இலவசமா கூப்பிட்டுப் படிக்க வச்சது. அப்போ போனவங்க தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவங்க. 1991-ல சோவியத் உடைஞ்சதும் அங்க இருந்த மருத்துவக் கல்லூரிகளுக்குக் காசு வேணும். இங்க இருந்தவங்களுக்கு சீட் வேணும். நடுவுல ஏஜென்ட் முளைச்சான். யார் வேணாலும் போகலாம்னு ஆயிடுச்சு. திரும்பி வந்தவங்க பதிவு கேட்டப்போ மருத்துவக் கவுன்சில் தயங்கினது, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2001-ல சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுல படிச்சவங்க ஸ்கிரீனிங் டெஸ்ட் எழுதணும்னு கொண்டு வந்தாங்க. ரஷ்யாவுல படிச்ச டாக்டர்கள் சங்கத்தோட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2002 மார்ச்ல முடிஞ்சது. பரீட்சை நின்னுடுச்சு. அதுதான் எஃப்எம்ஜிஇ.

300 கேள்வி. 150 எடுத்தா பாஸ். நெகட்டிவ் மார்க் கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை. இதுல ரேங்க் போட்டி எதுவும் இல்லை, பாதி மார்க் எடுத்தா போதும். அப்படியும் பல வருஷங்கள்ல எழுதினவங்கள்ல நாலுல ஒருத்தர்கூட தேறலை. இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

உடனே "வெளிநாட்டுல படிச்சவன் எல்லாம் மக்கு"ன்னு கமெண்ட் போட வராதீங்க. என்கூட வேலை பார்க்கிறதுல ரஷ்யா, சீனா படிச்சுட்டு வந்த நல்ல கைகள் இருக்கு. அவங்க தோத்தா அதுக்குப் பெரும்பாலும் காரணம் வார்டு. முதல் சில வருஷம் இங்கிலீஷ்ல பாடம் நடத்துவாங்க. வார்டுக்குப் போனா நோயாளி பேசுறது ரஷ்யனோ சீனமோ. "எங்கம்மா வலிக்குது, எப்ப இருந்து" அப்படின்னு கேட்கத் தெரியாம ஹிஸ்டரி எடுக்க முடியாது. ஓரமா நின்னு பார்த்துட்டு வர்றதுதான். 1920-கள்ல பிரசவம் பார்க்க விடாம நின்ன மெட்ராஸ் மாணவனும் இவனும் ஒரே இடத்துலதான் நிக்கிறாங்க. நோயாளி கிடைக்காத மாணவன்.

2018-ல இன்னொரு பூட்டு. வெளிநாட்டுல எம்பிபிஎஸ் சேரணும்னாலும் நீட்ல தகுதி பெற்றிருக்கணும். தமிழ்நாட்டுல 2007-ல இருந்து நுழைவுத்தேர்வே இல்லாம பிளஸ் டூ மார்க்ல சேர்த்துட்டு இருந்தோம். 2017-ல நீட் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே வெளிநாட்டுக்கும் அதுதான் சாவி. இதுல ஒரு குழப்பம் எங்க ஊர் பெற்றோருக்கு நிறைய உண்டு. நீட்ல "தகுதி" வேற, சீட் கிடைக்கிற மார்க் வேற. தகுதி கிடைச்சவங்க லட்சக்கணக்குல, அரசு சீட் கொஞ்சம்தான். அந்த இடைவெளியிலதான் ஏஜென்ட் கடை போட்டிருக்கான்.

எங்க மாவட்டக் கதையும் இதுல ஒட்டியே வருது. சிதம்பரத்துல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-ல இருந்தே இருக்கு. ஆனா கட்டணம் தனியார் கட்டணம். 2013-ல பல்கலைக்கழகத்தை அரசு எடுத்தும் கட்டணம் இறங்கலை. மாணவர்கள் வாரக்கணக்கா போராடின பிறகு, 2021-ல கல்லூரி சுகாதாரத்துறைக்கு மாறி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆச்சு. லட்சத்துல இருந்த கட்டணம் ஆயிரத்துக்கு வந்தது. கண்ணுக்கு எட்டின தூரத்துல கல்லூரியை வச்சுக்கிட்டு, கட்டணம் கட்ட முடியாம கிர்கிஸ்தான் போன பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. அது யாரோட தப்புன்னு நீங்களே யோசிங்க, நான் அரசு ஊழியர்.

அதே 2021 நவம்பர் 18-ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிதான் இன்னைக்கு உங்க கையில இருக்கிற நோட்டீஸை அளக்கிற கோல். படிப்பு குறைஞ்சது 54 மாசம். அதே கல்லூரியில 12 மாசம் இன்டர்ன்ஷிப். பாடம் முழுக்க இங்கிலீஷ். படிப்பைப் பாதி அங்க, பாதி வேற நாட்டுலன்னு உடைக்கக் கூடாது. அந்த நாட்டுலயே, அந்த நாட்டுக் குடிமகன் மாதிரி டாக்டரா பதிவு பண்ணத் தகுதி இருக்கணும். சேர்ந்ததுல இருந்து பத்து வருஷத்துக்குள்ள எல்லாம் முடியணும். திரும்பி வந்து பரீட்சை, அப்புறம் இங்க இன்னொரு 12 மாசம் இன்டர்ன்ஷிப்.

54 எங்க இருந்து வந்தது? இந்தியாவுல எம்பிபிஎஸ் நாலரை வருஷம். நம்ம சட்டையை வச்சு அடுத்தவனுக்கு அளவு எடுத்திருக்காங்க. லண்டன்காரன் 1930-ல நமக்குப் பண்ணினது இதேதான். ஆனாலும் இந்த விதி எனக்குப் பெருசா தப்பா தெரியலை. என் வருத்தம் வேற. பரீட்சையைக் கடைசியில வச்சோம், எச்சரிக்கையை முதல்ல வைக்கலை. ஆறு வருஷமும் ஒரு தோப்பும் போன பிறகு "இந்தக் கோர்ஸ் செல்லாது"ன்னு சொல்றது தரக் கட்டுப்பாடு இல்லீங்க. இங்க படிச்சவங்களுக்கும் அங்க படிச்சவங்களுக்கும் ஒரே கடைசிப் பரீட்சைன்னு 2019 சட்டத்துல எழுதி வச்சாங்க, நெக்ஸ்ட்னு பேர். இன்னும் நடைமுறைக்கு வரலை. வந்தா நல்லதா கெட்டதாங்கிறது தனிப் பதிவுக்கான சண்டை.

நடுவுல போரும் வந்தது. 2022 பிப்ரவரியில உக்ரைன்ல இருந்து கிட்டத்தட்ட 18,000 இந்திய மாணவர்கள் ஓடி வந்தாங்க. சீனாவுல படிச்சவங்க கோவிட்ல இருந்தே வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல பாடம் கேட்டுட்டு இருந்தாங்க. வார்டைப் பார்க்காத டாக்டருங்கிற பழைய கேள்வி மறுபடி வந்தது. 2023 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்ல, கடைசி வருஷத்துக்காரங்களுக்கு இறுதித் தேர்வு எழுத ரெண்டு வாய்ப்பு, அப்புறம் ரெண்டு வருஷம் இன்டர்ன்ஷிப்னு முடிஞ்சது. இந்தியக் கல்லூரிகள்ல வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இன்டர்ன்ஷிப் இடத்துக்கும் வரம்பு போட்டாங்க, சீட்டுல 7.5 சதவீதம். (அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 ஒதுக்கீடு வேற, இது வேற. ஓபியில இதையே பத்து பேருக்கு விளக்கியிருக்கேன்.) அதனால பரீட்சை பாஸ் பண்ணினாலும் வரிசையில நிக்கணும்.

சரி, நோட்டீஸை எடுங்க. ஒரு பேனாவும். உதாரணத்துக்கு பிலிப்பைன்ஸ். "பிஎஸ் பிளஸ் எம்டி, மொத்தம் ஆறு வருஷம்"னு போட்டிருப்பாங்க. பிஎஸ்ங்கிறது அங்க மருத்துவத்துக்கு முன்னாடி படிக்கிற பட்டம். ஆணையம் அதைக் கணக்குல எடுக்காது. அடிச்சிடுங்க. மிச்சம் எம்டி நாலு வருஷம். 48 மாசம். வேணும்ங்கிறது 54. இதைத்தான் ஏஜென்ட்கிட்ட கேட்கணும். பதிலை வாயால வாங்காதீங்க, அவங்க லெட்டர்ஹெட்ல எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்குங்க. அப்படியே அதே தாள்ல இன்னும் ரெண்டு கேள்வி: நாலாவது வருஷம் வார்டுல நோயாளிகிட்ட எந்த மொழியில பேசுவான்? படிச்சு முடிச்சா அந்த நாட்டுலயே அவனுக்கு லைசென்ஸ் கொடுப்பாங்களா? பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அந்தத் தாள் உங்க கையில இருக்கட்டும். புரியலைன்னா ஓபிக்கு எடுத்துட்டு வாங்க, பன்னிரண்டு மணிக்கு மேல வந்தா கூட்டம் குறைவா இருக்கும்.