பஹியும் தராசும்

பஞ்சாபின் பழைய கடன் கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்திலிருந்து தொடங்குவார்கள். அந்த மாகாணத்தில் அமைச்சராக இருந்த சோட்டு ராமைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும். கிராமத்து லேவாதேவிக்காரரிடம் ‘பஹி’ என்றொரு நீளமான பேரேடு இருக்கும். அதில் எழுதுபவரும் அவரே, வட்டியைக் கூட்டி அசலோடு சேர்ப்பவரும் அவரே. கடன் வாங்கியவருக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு மட்டும் அவருடையது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதியின் மேசைக்கு வருவது அந்தப் பஹிதான். மால்கம் டார்லிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1925இல் வெளியிட்ட நூலில், மாகாணத்தின் விவசாயக் கடனை ஏறத்தாழ 90 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். அவர் ஆராய்ந்த நில உடைமையாளர்களில் கடனில்லாதவர்கள் 17 சதவீதம் பேர்தான். இந்தக் கடன்களைத் தீர்த்துவைத்த வள்ளல் என்றே வடக்கில் சோட்டு ராமை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் செய்தது தள்ளுபடியைவிட ஆழமான வேலை என்பது என் கருத்து. கணக்கை எழுதும் கையும் தராசைப் பிடிக்கும் கையும் யாருக்குக் கட்டுப்பட்டவை என்பதையே அவர் சட்டத்தால் மாற்றினார்.

இந்தக் கண்ணோட்டம் அவருக்கு வாய்த்ததற்கு அவருடைய தொழில் ஒரு காரணம். 1881இல் ரோத்தக் மாவட்டத்தின் கர்ஹி சாம்ப்லா கிராமத்தில் ஜாட் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்து, பிறகு ஆக்ராவில் சட்டம் பயின்று, ரோத்தக்கில் வழக்கறிஞரானார். 1916இல் ‘ஜாட் கெஜட்’ இதழைத் தொடங்கினார். காங்கிரஸில் இருந்தவர், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்க முடியாமல் விலகினார். 1923இல் ஃபஸ்லி ஹுசைனுடன் சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சியை உருவாக்கினார். முஸ்லிம், இந்து, சீக்கிய நிலக்காரர்களை ஒரே அணியில் நிறுத்திய கட்சி அது. 1937 தேர்தலில் அது வென்றபோது, சிக்கந்தர் ஹயாத் கானின் அமைச்சரவையில் சோட்டு ராம் இடம்பெற்றார்.

சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நோக்கம் துலங்குகிறது. 1930இல் வந்த கணக்கு ஒழுங்குமுறைச் சட்டம், கடன் கொடுப்பவர் முறையான கணக்கு வைத்து, அதன் விவரத்தைக் கடனாளிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றது. 1934இன் கடன் நிவாரணச் சட்டம் சமரச வாரியங்களுக்கு வழிவகுத்தது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய ‘தாம்துபட்’ விதிக்குச் சட்ட வலு தந்தது. அவர் அமைச்சரான பின் வந்த 1938இன் பதிவுச் சட்டத்தின்படி, பதிவும் உரிமமும் இல்லாத லேவாதேவிக்காரர் கடனை வசூலிக்க வழக்கே போட முடியாது. கூர்ந்து பார்த்தால் இவை எதுவும் கடன் கொடுப்பதைத் தடுக்கவில்லை. வெளிச்சத்துக்கு வராத கணக்குக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்பதே இவற்றின் சாரம். அதே ஆண்டின் போக்கிய நில மீட்புச் சட்டமும் கணக்குதான் கேட்டது. 1901 ஜூன் 8க்கு முன் போக்கியத்துக்குப் போன நிலத்தில், பிடித்தவர் அசலைப்போல இருமடங்கு பலனை ஏற்கெனவே எடுத்திருந்தால், பணம் கொடுக்காமலே நிலம் உரியவரிடம் திரும்பும்.

கடனுக்கு அடுத்த கண்ணி சந்தை. மண்டிக்கு வண்டி கட்டி வந்த விவசாயியின் தானியத்துக்குத் தரகர்கள் துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். விலை என்ன என்பது விற்பவருக்கே தெரியாது. எடை போடுபவர் கூலி, தர்மக் கழிவு, கோசாலைக் கழிவு என்று பணம் கைக்கு வருமுன் கரையும். 1939இன் விளைபொருள் சந்தைச் சட்டம் எடையையும் கழிவையும் விதிக்குள் கொண்டுவந்து, சந்தைக் குழுவில் விளைவிப்பவர்களை உட்காரவைத்தது. பின்னாளில் 1961இல் பஞ்சாப் புதுச் சட்டம் இயற்றியது. ஆனாலும் அடித்தளம் இதுதான். 2020இல் டெல்லி எல்லையில் கூடிய பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் மண்டிக்காக ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, 1939க்கு முந்தைய மண்டியை மனக்கண்ணில் பார்த்தாக வேண்டும்.

இவை இந்துக்களுக்கு எதிரான சட்டங்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. லேவாதேவிக்காரர்களில் பெரும்பாலோர் பனியா, கத்ரி, அரோரா சாதி இந்துக்கள். மேற்குப் பஞ்சாபில் கடனாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். எனவே பாதிப்பு ஒரு சமூகத்தின்மேல் கூடுதலாக விழுந்தது உண்மை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சோட்டு ராமின் சொந்த ரோத்தக்கில் கடன் வாங்கியவரும் இந்து, கொடுத்தவரும் இந்து. இன்னொரு சான்றை நம் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். அதே 1938இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அரசு விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய கடனில் அசலைப்போல இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் முழுதும் தீர்ந்ததாக அதுவும் சொன்னது. மதப் பிளவு இந்த வடிவத்தில் இல்லாத சென்னையில் அதே அளவுகோல் பிறந்ததென்றால், அதன் வேர் மதத்தில் இருக்க முடியாது. 1929க்குப் பிறகு தானிய விலை சரிந்து, கடன் மட்டும் பழைய எடையிலேயே நின்ற பொருளாதார மந்தத்தில்தான் இருந்தது.

ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்தார், போருக்கு ஆள் சேர்த்தார், ‘சர்’ பட்டம் பெற்றார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மூன்றும் உண்மை. படைக்கு வீரர்களைத் தரும் மாகாணத்தில் கிராமங்கள் கொந்தளிக்கக் கூடாது என்பது ஆட்சியாளரின் நலன். அந்த நலனுக்குள் தன் மக்களுக்கு இடம் தேடினார். விலையும் கொடுத்தார்: நாடு விடுதலை கேட்டு எழுந்தபோது அவர் எதிர்ப்பக்கம் நின்றார்.

என்னால் விடை சொல்ல முடியாத குறை வேறொன்று. அவருடைய சட்டங்களுக்கு அடியில் 1900ஆம் ஆண்டின் நில உரிமை மாற்றச் சட்டம் இருந்தது. அது விவசாயி யார் என்பதைக் கலப்பை பிடிப்பதைக்கொண்டு தீர்மானிக்கவில்லை, ‘விவசாய சாதி’ப் பட்டியலைக்கொண்டு தீர்மானித்தது. வயலில் நாள் முழுதும் உழைத்த தலித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே விவசாய சாதியாரின் நிலத்தை அவர்கள் வாங்க முடியாது. பட்டியலில் இருந்த பெரும் நிலக்கிழார்களோ யூனியனிஸ்ட் கட்சியின் தூண்களாக இருந்தார்கள். 1938இல் இந்தச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சோட்டு ராமின் அமைச்சரவையிடம் இருந்தது, திருத்தவும் செய்தார்கள். பினாமி பேரங்களை அடைத்தார்கள். சாதிப் பட்டியலைத் தொடவில்லை. பொய்க் கணக்கை அவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடித்தவர், இந்தக் கணக்கில் விடுபட்ட பெயர்களைப் பார்க்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

அவர் 1945 ஜனவரி 9 அன்று லாகூரில் காலமானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் யூனியனிஸ்ட் கட்சி முஸ்லிம் லீகிடம் நொறுங்கியது. 1947இல் மாகாணமே இரண்டானது. இந்தியப் பக்கத்தில் அந்த 1900ஆம் ஆண்டுச் சட்டம், புதிய அரசியலமைப்போடு பொருந்தாதென்று 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகே அங்கே ஒரு தலித் குடும்பம் தன் பெயரில் வயலை எழுதி வாங்கச் சட்டத் தடை இல்லாமல் போனது.