சொல்லின் வேரும் சோழமண்டலக் கரையும்

கடினமான ஆங்கிலச் சொல் ஒன்று எதிர்ப்பட்டவுடன், அது தமக்குச் சற்றும் உறவில்லாத அந்நியம் என்று நம் பிள்ளைகள் பலர் மிரளுகின்றனர். அத்தகைய சொற்களுள் பல நம் கரையையும் அரபுலகையும் தொட்டுச் சென்றவை என்பதை வரலாறு காட்டுகிறது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியே சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கோவளத்தில் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்கா, அரபு நாட்டுடன் இக்கரை கொண்டிருந்த தொடர்பை நினைவூட்டுகிறது. அரபு மாலுமிகள் பருவக்காற்றின் காலமறிந்தே பாய் விரித்தனர். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல், போர்ச்சுக்கீசியர் நாவில் திரிந்து, ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. சோழமண்டல மீனவரின் கட்டுமரத்தை ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் குறித்தார். அதுவே ‘கேட்டமரான்’ என ஆங்கில அகராதியில் ஏறியது.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் எழுப்பிய கோட்டை சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. அவ்வூர் மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. நெய்தது தமிழ்க்கரை, துணியின் பெயரோ இராக்கின் மவ்ஸில் நகரத்தைச் சுட்டுவது. கோட்டைகளில் வெடிமருந்து வைக்கும் இடத்தை ஆங்கிலேயர் ‘மேகஸின்’ என்றனர். கிடங்குகள் எனப் பொருள்படும் ‘மகாஸின்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. 1731-இல் இலண்டனில் எட்வர்ட் கேவ் தம் இதழுக்கு அப்பெயரைச் சூட்டிய பின்னரே, திங்களிதழ்களுக்கும் அது பெயராக நிலைத்தது.

சென்னை மாகாணத்தில் நீதிபதியாயிருந்த பர்னலும், ஹென்றி யூல் என்பவரும் இத்தகைய சொற்களைத் தொகுத்த அகராதி 1886-இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’. முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்னும் முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் செவியில் விழுந்த விதம் அது!

அவர்கள் நம் சொற்களை இவ்வாறு கற்றுக்கொண்டிருந்த காலத்தில், நம் முன்னோரில் பலர் அவர்தம் மொழியினின்றும் ஒதுங்கி நின்றனர். ஆங்கிலக் கல்விக்கே அரசு நிதி என்று 1835-இல் ஆணை பிறந்தது. ஒதுங்கியதன் விலையாக, நீதிமன்றமும் அலுவலகமும் நம் பிள்ளைகளுக்குத் தொலைவாயின. யூதரின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணிக்க, ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்த வரலாற்றை நாம் மறந்திருக்கலாகாது. சென்னையில் 1951-இல் புதுக்கல்லூரியும், செங்கல்பட்டு வட்டாரத்து வண்டலூரில் 1984-இல் கிரஸண்ட் பொறியியல் கல்லூரியும் தோன்றியது அக்குறையைப் போக்கும் முயற்சியே.

கற்கும் முறையும் மதரஸாவில் நாம் அறிந்ததுதான். க-த-ப என்னும் மூன்றெழுத்து வேரை அறிந்தவன் கிதாப், காதிப், மக்தப், மக்தூப் ஆகிய நான்கையும் ஒருசேர உணர்வான். ஆங்கிலத்திலும் எழுதுதலைக் குறிக்கும் ‘ஸ்க்ரைப்’ என்ற இலத்தீன் வேர் உண்டு. மாமல்லபுரத்துக் கல்வெட்டைச் சுட்டும் ‘இன்ஸ்க்ரிப்ஷன்’, ஏட்டுச் சுவடியாகிய ‘மேனுஸ்க்ரிப்ட்’, மருத்துவர் எழுதித்தரும் ‘ப்ரிஸ்க்ரிப்ஷன்’ யாவும் அவ்வேரின் கிளைகளே. பட்டியல் போட்டு மனனம் செய்வதினும் வேரைப் பற்றுவது எளிது. மறதிக்கும் இடம் தராது.

பெற்றோர்களே! அரும்பொருட் சொல் ஒன்றைக் கண்டு பிள்ளை தயங்கினால், பொருளைக் கூறுமுன் அதன் வேரைத் தேடச் சொல்லுங்கள். தேடிச் செல்லும் வழியில் மவ்ஸிலும் கோவளமும் அவனுக்குத் தென்படக்கூடும்.