குமிழ்கள் கூறும் வரலாறு

கல்வெட்டுகளையும் நாணயங்களையும் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுவது நாம் அறிந்த முறை. ஓர் ஒலிபெருக்கியின் முகப்பில் உள்ள ஐந்தாறு குமிழ்களையும் அவ்வாறே சான்றாகக் கொள்ளலாம் என்றால் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். 1970களின் இடைப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த 'பங்க் ராக்' இசைக்கு அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அவ்விசையின் முரட்டு ஒலி எவ்வாறு பிறந்தது? அதனை எழுப்பிய இளைஞர் குமிழ்களை எந்த நோக்கத்தோடு திருப்பினர்? இவற்றையே இன்று ஆராய்வோம்.

கிட்டார் இயல்பில் மென்குரல் உடையது. நடன அரங்குகளில் முரசும் ஊதுகருவிகளும் சேர்ந்து முழங்கியபோது அதன் குரல் எவர் செவிக்கும் எட்டவில்லை. இக்குறையைப் போக்கவே 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின் கிட்டார் உருவாயிற்று. காந்தமும் கம்பிச் சுருளும் தந்தியின் அதிர்வைச் சிறு மின்னோட்டமாக மாற்றும். ஒலிபெருக்கி அம்மின்னோட்டத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஜார்ஜ் போசாம்ப் என்பார் இத்தகைய அமைப்பு ஒன்றிற்கு 1937இல் காப்புரிமை பெற்றார். மூல ஒலி சிறிதும் கெடாமல் பெருக வேண்டும் என்பதே அக்காலப் பொறியாளர்களின் குறிக்கோள்.

ஆனால் வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து அதனை உழைக்கச் செய்தால், ஒலி அலையின் உச்சி மேலும் உயர இயலாமல் தட்டையாகிவிடும். உச்சி மழுங்கிய அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றும். தெளிந்த நாதம் கரகரப்பாகும். பொறியாளர் குறை என்று ஒதுக்கிய இக்கரகரப்பை இளம் இசைஞர் விரும்பித் தேடலாயினர். 1951இல் மெம்பிஸ் நகரில் பதிவான 'ராக்கெட் 88' என்னும் பாட்டில், சேதமுற்ற ஸ்பீக்கரில் காகிதம் திணிக்கப்பட்டது. அதனாலெழுந்த கரகரப்பே அப்பாட்டின் சிறப்பாயிற்று. 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் பதினேழு வயது இளைஞர், தம் சிறிய ஒலிபெருக்கியின் ஸ்பீக்கர்த் தாளைச் சவர அலகால் கீறி வேண்டிய ஒலியைப் பெற்றார்.

இவ்வாறு காகிதத்தையும் அலகையும் நாடிய நிலையை மாற்றியவர்களுள் ஜிம் மார்ஷல் முதன்மையானவர். லண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த அவர் ஒரு முரசு ஆசிரியர். அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் செய்த 'பாஸ்மன்' என்னும் ஒலிபெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டு, 1962இல் அவரும் அவருடைய துணைவர்களும் தம் முதல் ஒலிபெருக்கியை உருவாக்கினர். 'தி ஹூ' குழுவின் பீட் டௌன்ஷெண்ட் போன்றோர் மேலும் முழக்கம் வேண்டும் என்று கேட்கவே, 1965இல் 100 வாட் ஒலிபெருக்கியும் வந்தது. அதில் வால்வுகளை எல்லை கடந்து உழைக்கச் செய்ய வேண்டுமாயின் ஒலியளவை மிக உயர்த்தியாக வேண்டும். 1975இல் மார்ஷல் நிறுவனம் 'மாஸ்டர் வோல்யூம்' என்னும் தனிக்குமிழை அமைத்த பின்னர், ஒலியின் கரகரப்பையும் அதன் அளவையும் வெவ்வேறாக வகுத்துக்கொள்ள முடிந்தது.

கருவி வளர்ந்தது, ஆயினும் இசை சாமானியரை விட்டு விலகிச் சென்றது. 1970களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற ராக் குழுக்கள் நெடுநேரத் தனி வாசிப்புகளிலும் பெருஞ்செலவான மேடை அலங்காரங்களிலும் ஈடுபட்டன. அதே வேளையில், 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்பில் நின்றது. பிரிட்டனில் 1976ஆம் ஆண்டு வேலையற்றோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டி நின்றது. கையில் பணமும் இல்லாமல், பல்லாண்டுப் பயிற்சிக்கு வாய்ப்பும் இல்லாமல் இருந்த இளைஞர், பாட நமக்கு உரிமை இல்லையா என்று கேட்டனர். பங்க் ராக் அவ்வினாவுக்கு அவர்களே தேடிக்கொண்ட விடை.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1974இல் ராமோன்ஸ் குழு தோன்றியது. அதன் கிட்டார் இசைஞர் ஜானி ராமோன் ஏறத்தாழ 50 டாலருக்கு ஒரு மோஸ்ரைட் கிட்டாரை வாங்கினார். பின்னர் மார்ஷல் ஒலிபெருக்கிகளைத் துணைக்கொண்டார். தனி வாசிப்பை ஏறக்குறைய முற்றும் துறந்து, தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து விரைந்து வாசித்தார். 1976 ஏப்ரலில் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள் இருந்தன. முழுத்தட்டும் 29 நிமிடத்தில் முடிந்தது. அதற்கான செலவு சுமார் 6,400 டாலர். பெருங்குழுக்கள் ஒரே இசைத்தட்டுக்குச் செய்த செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை.

இங்கே ஓர் உண்மையை உற்று நோக்குங்கள். 1977 அக்டோபரில் வெளிவந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசைத்தட்டில் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்தது மார்ஷல் அன்று. தெளிந்த ஒலிக்குப் பெயர்பெற்ற ஃபெண்டர் 'ட்வின் ரிவெர்ப்' ஒலிபெருக்கியே. கிட்டாரும் வேறு, ஒலிபெருக்கியும் வேறு; எனினும் இருவர் ஒலியையும் கேட்போர் ஒரே இனம் என உணர்கின்றனர். ஆகவே அவ்வொலியின் பிறப்பிடம் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை அன்று; வாசிப்போரின் கையும், குமிழ்களை வைத்த முறையுமே ஆகும்.

அம்முறைதான் யாது? பங்க் ஒலி என்றால் எல்லாக் குமிழ்களையும் பத்தில் வைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. கரகரப்பை மிகுதியாக்கினால் ஒவ்வோர் அடியின் தொடக்கமும் மழுங்கி, விரைவான தாளம் கலங்கிய குழம்பாகிவிடும். எனவே கரகரப்புக் குமிழை ஐந்து அல்லது ஆறிலே நிறுத்துவது நலம். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்க, பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கீழ்த்தளம் பாஸ் கிட்டாருக்கும் பெருமுரசுக்கும் உரியது; ஆதலின் கிட்டாரின் 'பாஸ்' குமிழ் நான்கிற்கு மேற்செல்லத் தேவையில்லை. 'மிடில்' குமிழோ ஆறு, ஏழு வரை உயர வேண்டும். சிறு கூடத்தில் முரசொலியைப் பிளந்து கிட்டார் கேட்பது அந்த நடுநிலை ஒலியால்தான். 'டிரெபிள்' ஆறளவில் இருந்தால் அடியின் கூர்மை தெரியும். எதிரொலி தரும் 'ரிவெர்ப்' குமிழைச் சுழியில் வைப்பதே சிறப்பு. விரைந்த தாளத்தின் இடைவெளிகளை எதிரொலி நிரப்பிக் கெடுத்துவிடும். இவை தொடக்கத்திற்கான அளவுகளே. அறைக்கும் கருவிக்கும் ஏற்பச் செவியே இறுதித் தீர்ப்பு வழங்க வேண்டும்.

சுரக்கோவையிலும் இத்தகைய சிக்கனம் உண்டு. நம் இசையில் சட்சமம், பஞ்சமம் என்று வழங்கும் இரு சுரங்களை மட்டுமே பங்க் இசைஞர் பெரிதும் சேர்த்து ஒலித்தனர். இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 200, 300 ஹெர்ட்ஸ் கொண்ட இரு சுரங்கள் கரகரப்பில் கலக்கும்போது, அவற்றின் வேறுபாடாகிய 100உம் கூட்டுத்தொகையாகிய 500உம் புதியனவாகத் தோன்றும். நான்கும் ஒரே வரிசையில் அமைந்து ஒலிக்கு வலுவூட்டும். 200ஓடு, கிட்டாரின் காந்தாரமாகிய ஏறத்தாழ 252ஐச் சேர்த்தாலோ 52உம் 452உம் தோன்றி ஒன்றோடொன்று இசையாமல் உரசும். ஒலியியல் நூலைப் படியாத இளைஞரும் செவியின் துணையால் இதனைக் கண்டறிந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்த எளிமையின் பயன் விரைவில் விளைந்தது. மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர் உற்றார் நண்பரிடம் 500 பவுன் கடன் பெற்று, நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்து, 1977 ஜனவரியில் தாமே இசைத்தட்டாக வெளியிட்டனர். பெருநிறுவனத்தின் அழைப்புக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களைப் பின்பற்றிப் பல ஊர்களில் சிறு இசைத்தட்டு வெளியீட்டகங்கள் எழுந்தன.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேரொலியைப் பெரிதும் விரும்பிய பீட் டௌன்ஷெண்ட் பிற்காலத்தில் தம் கேள்விக் குறைவையும், காதில் ஓயாத இரைச்சலையும் வெளிப்படையாகக் கூறினார். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டல் தீங்கு என்பர். ஒலி மூன்று டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகும்; 100 டெசிபெலில் அது 15 நிமிடமே. செவி கெட்டபின் எந்தக் குமிழைத் திருப்பியும் பயன் இல்லை. ஆதலின் மாஸ்டர் வோல்யூமைத் தாழ்த்திப் பயிலுதலும், மேடையருகே காதடைப்பான் அணிதலும் அறிவுடைமையாகும்.

நண்பர்களே! விலையுயர்ந்த கருவி கிட்டினால்தான் இசை கைவரும் என்று கருதி, தொடங்காமலே நாட்களைக் கழிப்போர் பலர். 50 டாலர் கிட்டாரும் மூன்று சுரக்கோவையும் கொண்டவர்கள் தம் காலத்து இசையின் போக்கையே மாற்றினர். தமக்கு எது வேண்டும் என்பதனோடு எது வேண்டாம் என்பதையும் அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். சுழியில் நின்ற ரிவெர்ப் குமிழும், நான்கில் அடங்கிய பாஸ் குமிழும் அத்தெளிவைக் காட்டுகின்றன. உங்கள் கையில் எந்தக் கருவி இருப்பினும், அதனை முதலில் நன்றாகக் கேளுங்கள்; பிறகு குமிழைத் திருப்புங்கள்.